தனியாகக் கூடாரமடிக்கும் இரவு: விலங்குகள் நெருங்காமலிருக்க வெளிச்சத்திலேயே முடிக்கவேண்டிய வேலைகள்

கூடாரத் துணியின் கனம் மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதைக் கிழிக்கக் கரடியின் நகம் வேண்டாம், எலியின் பல்லே போதும். அப்படியிருந்தும் கூடாரத்தில் தூங்குகிறவர்கள் பெரும்பாலும் காலையில் சோம்பல் முறித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார்கள். உள்ளே வர விலங்குக்கு ஒரு காரணமும் கிடைக்காததால் அது பேசாமல் போய்விட்டது, அவ்வளவுதான். ஆகவே இரவுப் பாதுகாப்பு என்பது அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக அப்புறப்படுத்தும் வேலை.

வழக்கமான காரணங்கள் நான்கு. சாப்பாட்டு வாசனை அடித்திருக்கும். அது தினமும் நடக்கும் தடத்தில் நீங்கள் குறுக்கே படுத்திருப்பீர்கள். இருட்டில் எதிர்பாராமல் முட்டிக்கொண்டு இருவருமே திடுக்கிட்டிருப்பீர்கள். நான்காவது சிறு உயிர்களுக்கானது: தேள், பாம்பு, எலி போன்றவற்றுக்கு வெதுவெதுப்பான, இருட்டான ஒரு மறைவிடம் கிடைத்திருக்கும். மனிதனை இரையாக நினைத்து வருவது மிக அரிது. அப்போது என்ன செய்வது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இருவர் போனால் ஒருவர் டார்ச் பிடிக்க, மற்றவர் கயிறு கட்டலாம். சத்தம் கேட்டால் 'உனக்கும் கேட்டுச்சா?' என்று கேட்டுக்கொள்ளலாம். அடிபட்டால் ஒருவர் போய் உதவி கூட்டிவரலாம். தனி ஆளுக்கு இந்த மூன்றும் கிடையாது. அதனால் சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே நடையை நிறுத்திவிட்டு முகாம் வேலையைத் தொடங்குங்கள். தாமதமாக வந்து சேர்ந்தால் நடப்பது எப்போதும் ஒன்றுதான்: கிளை சரியாகத் தெரியாமல் உணவுப்பை தாழ்வாகத் தொங்கும், அழுக்குப் பாத்திரம் 'காலையில் பார்த்துக்கலாம்' என்று வாசலிலேயே கிடக்கும்.

இடத்தைச் சுற்றிவரும் பத்து நிமிடம்

முதுகுப்பையை இறக்கிவைத்துவிட்டு, கூடாரத்தைத் தொடாமல், நாலாபக்கமும் சுமார் 100 மீட்டர் வரை ஒரு சுற்று நடந்து பாருங்கள். எச்சம் கிடக்கிறதா? ஈரப் பளபளப்போடு ஈ மொய்த்தால் புதிது, வெளுத்து உதிர்ந்தால் பழையது. புதருக்கு நடுவே முழங்கால் உயரத்தில் சுரங்கம் போலத் துளை இருந்தால் பன்றியோ முள்ளம்பன்றியோ தினமும் நுழைந்து போகும் வழி. மரத்தண்டில் காய்ந்த சேறு அப்பியிருக்கிறது என்றால் அது எந்த உயரத்தில் என்று பாருங்கள். இடுப்புக்குக் கீழே என்றால் பன்றி உடம்பைத் தேய்த்த இடம். உங்கள் தலைக்கு மேலே என்றால், யானை வாழும் நாட்டில், அந்த இடத்தில் படுக்கும் யோசனையையே விட்டுவிடுங்கள்.

பழம் உதிர்ந்துகிடக்கும் மரத்தடி, ஆற்றைக் கடக்கத் தோதான ஆழமில்லாத துறை, இரு குன்றுகளுக்கு நடுவே தாழ்ந்திருக்கும் கணவாய், காடும் புல்வெளியும் சந்திக்கும் ஓரம் எல்லாமே நடமாட்டம் மிகுந்த இடங்கள். உங்களுக்கு நடக்க எளிதான இடம் அவற்றுக்கும் எளிது. வறண்ட ஆற்றுப்படுகை தட்டையாக, மணலாக, படுக்க மெத்தை போலத் தெரியும். விலங்குகளுக்கு அது நெடுஞ்சாலை, மேல்பக்கம் மழை பெய்தால் வெள்ளத்துக்கும் அதுதான் வழி.

காகமோ கழுகோ கூட்டமாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தால், அல்லது அழுகல் நாற்றம் வந்தால், பக்கத்தில் செத்த விலங்கு கிடக்கிறது. கரடியும் பெரும்பூனைகளும் தங்கள் இரையைக் காக்கத் தாக்கும். எட்டிப்பார்க்கப் போகாமல், வந்த வழியே திரும்பி வெகுதூரம் போய்விடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் 100 மீட்டர் போதாது.

தண்ணீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளிக் கூடாரம் போடுவது பொதுவான அளவு. முதலை உள்ள நீர்நிலை என்றால் கணக்கு வேறு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில அரசு சொல்வது: நீர் விளிம்பிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தூரம், அதோடு உச்ச நீர்மட்டத்துக்கு மேல் 2 மீட்டர் உயரம், இரண்டும் சேர்ந்து இருக்கவேண்டும். நீர்யானை உள்ள இடத்தில் ஆற்றங்கரையிலிருந்து மேட்டுக்கு ஏறும் தேய்ந்த தடங்களைத் தேடுங்கள். அது இரவில் மேயக் கரையேறி விடியும்முன் அதே தடத்தில் திரும்பும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்பதுதான் ஆபத்தே.

தட்டையாக, கல் அடுப்போடு, தயாராக இருக்கும் பழைய முகாமிடம் கண்ணுக்கு இதமாக இருக்கும். அடுப்புச் சாம்பலை ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். எலும்பு, பழத்தோல், எண்ணெய் ஒட்டிய அலுமினியத் தாள் வந்தால் அது முகாமிடம் மட்டுமல்ல, யாரோ நடத்திவரும் அன்னசத்திரமும்கூட. வேறு இடம் பாருங்கள்.

கடைசியாக, கூடாரத்தைச் சுற்றி 15 மீட்டருக்காவது புதர் இல்லாமல் பார்வை ஓடவேண்டும். கற்குவியலையும் உளுத்த மரக்கட்டையையும் ஒட்டிப் போடாதீர்கள், பாம்பும் தேளும் எலியும் குடியிருப்பவை அவை. பிறகு அண்ணாந்து பாருங்கள். மேலே காய்ந்த கிளையோ தேன்கூடோ குளவிக்கூடோ இருந்தால் விலங்குகளைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் இடத்தை மாற்றுங்கள்.

வாசனை: பாதி வேலை இதுதான்

1967 ஆகஸ்ட் 13. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள கிளேசியர் தேசியப் பூங்காவில், ஒரே இரவில், சில மணி நேர இடைவெளியில், இரு வேறு இடங்களில் வெட்டவெளியில் படுத்திருந்த இரண்டு இளம்பெண்களை இரு வேறு கிரிஸ்லி கரடிகள் கொன்றன. 1910ல் பூங்கா தொடங்கியதிலிருந்து அதுவரை அங்கே கரடி தாக்கி யாரும் இறந்ததில்லை. முதல் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மலைவிடுதி. அதன் பின்னால் கொட்டும் எச்சிலைத் தின்னக் கரடிகள் வருவதையும், விருந்தினர் அதை வேடிக்கை பார்ப்பதையும் வழக்கமாகவே ஆக்கியிருந்தார்கள். இரண்டாவது இடத்தில் ஒரு கரடி அந்தக் கோடை முழுக்க முகாம் உணவையும் குப்பையையும் தேடி அலைந்துகொண்டிருந்தது. அதன்பிறகுதான் பூங்காக்களில் உணவு, குப்பை விதிகள் இறுகின.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கரடிக்குப் பாடம் நடத்தியவர்கள் ஒருவர், விலை கொடுத்தவர்கள் வேறு ஒருவர். நீங்கள் இன்று கூடாரத்தருகே விட்டுப்போகும் ஒரு பிடி உணவு அடுத்த வாரம் அங்கே படுப்பவரின் தலைமாட்டுக்கு ஒரு விலங்கைக் கூட்டிவரும்.

'உணவு' என்ற சொல்லை விரித்துக்கொள்ளுங்கள். பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், உதட்டுக்குப் பூசும் பாம், சூயிங்கம், ஈரத்துடைப்பான், இருமல் மருந்து, பயன்படுத்திய சானிட்டரி நாப்கின், காலி பிஸ்கட் கவர், பழரசப்பொடி கலந்த பாட்டில், சமைக்கும் அடுப்பு, பாத்திரம், குப்பைப்பை எல்லாமே விலங்கின் மூக்குக்கு உணவுதான். கூடாரத்துக்குள் வெறும் தண்ணீர் பாட்டில் மட்டும் இருக்கலாம். தப்பிப்போவது எப்போதும் சட்டைப்பையில்தான்: நடக்கும்போது கொறித்த கடலையின் தோலோ சாக்லேட் காகிதமோ மடிப்புக்குள் கிடக்கும். பைகளை உள்புறம் வெளியே திருப்பி உதறிவிடுங்கள். சமைத்த உடுப்போடு படுக்காமல், தூங்குவதற்கென்றே தனியாக ஒரு ஜோடி வைத்திருங்கள். சமைத்த உடுப்பு உணவுப்பையோடு போகட்டும்.

தூங்குமிடம், சமைக்குமிடம், உணவு வைக்குமிடம் மூன்றையும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். கரடி நாட்டில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 90 மீட்டர். மற்ற இடங்களில் 60 மீட்டர் கிடைத்தாலே நல்லது. எட்டிப்போட்டு நடந்தால் ஓர் எட்டு முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொண்டு 120 எட்டு எண்ணுங்கள். பழகாத கண்ணுக்கு 40 மீட்டரே 90 போலத் தெரியும்.

காற்றின் போக்கில் பலர் தடுக்கி விழுகிறார்கள். மலைச்சரிவில் வெயில் இருக்கும்வரை காற்று மேல்நோக்கி ஏறும். இருட்டியதும் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய கனத்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழியும். எனவே இரவு முழுக்க உணவு இருக்கப்போகும் இடம் கூடாரத்துக்குக் கீழே இருக்கவேண்டும். மேலே வைத்தால் வாசனை இரவெல்லாம் உங்கள்மேல் வழிந்துகொண்டிருக்கும். அதை மோப்பம் பிடித்துக் கீழிருந்து ஏறிவரும் விலங்கு முதலில் சந்திப்பது உங்களைத்தான்.

இந்த முக்கோணத்தைவிட எளிதான வழி ஒன்று உண்டு. நெடுந்தூர நடைக்காரர்கள் செய்வது. மாலையில் இருட்ட நெடுநேரம் இருக்கும்போதே வழியில் எங்காவது நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, பிறகு இன்னும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடந்துபோய்க் கூடாரம் போடுவார்கள். சமையல் வாசனை முழுவதும் பின்தங்கிவிடும். தனி ஆளுக்கு இதைவிட லாபமான பழக்கம் வேறில்லை. கழுவிய தண்ணீரை வடிகட்டி, பருக்கையைக் குப்பைப்பையில் போட்டு, தண்ணீரை நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளித் தெளித்துவிடுங்கள். மிச்சத்தை நெருப்பில் போட்டால் முழுதாக எரியாது, கருகிய வாசனையோடு சாம்பலில் தங்கும்.

உணவுப்பையைத் தொங்கவிடுவது

தேவை: 4 அல்லது 5 மில்லிமீட்டர் தடிமனில் 15 மீட்டர் கயிறு, ஒரு சிறு கராபினர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி), தண்ணீர் புகாத பை, கல் போட்டு எறிய ஒரு சிறு பை, விரல் தடிமனில் ஒரு சாண் குச்சி. கிளை தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். தொங்கும் பை தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்திலும் மரத்தண்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளியும் நிற்கவேண்டும். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா கேட்கும் குறைந்தபட்ச அளவு 3 மீட்டர் உயரம், தண்டிலிருந்து 1.2 மீட்டர் விலகல். அதற்குமேல் போவதில் நஷ்டமில்லை.

கல் போட்ட பையைக் கயிற்று நுனியில் கட்டிக் கிளைக்கு மேலாக எறியுங்கள். கயிறு தாண்டி இறங்கியதும் கல்லை அவிழ்த்துவிட்டு, அந்த நுனியில் கராபினரையும் உணவுப்பையையும் மாட்டுங்கள். இப்போது கயிற்றின் மறுமுனையை அதே கராபினருக்குள் நுழைத்து இழுங்கள். பை கிளைவரை ஏறும். உங்கள் கைக்கு எட்டும் அதிகபட்ச உயரத்தில், அதாவது சுமார் 2 மீட்டரில், கயிற்றில் அந்தக் குச்சியைக் கிளோவ் ஹிட்ச் முடிச்சால் (இரண்டு வளையம் போட்டு இறுக்கும் முடிச்சு) கட்டுங்கள். பிறகு மெதுவாகக் கயிற்றை விடுங்கள். பை இறங்கும், குச்சி ஏறும், குச்சி கராபினரில் குறுக்கே மாட்டிக்கொள்ளும். பை 4 மீட்டர் உயரத்தில் நின்றுவிடும். கீழே தொங்கும் நுனியை எந்த விலங்கு இழுத்தாலும் பை மேலேதான் போகும்.

குச்சி எதற்கு, மரத்தில் கட்டிவிட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. இறுகக் கட்டிய கயிற்றைக் கடித்தால் பை விழும் என்பதைக் கரடிகள் கற்றுக்கொண்டுவிட்டன. மற்ற தோல்விகள்: கிளை தடித்திருந்தால் கரடிக்குட்டி அதன்மேல் நடந்துபோய் எடுத்துவிடும், மெலிந்திருந்தால் பாரத்தில் வளைந்து பை கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும். ஈரக் கயிறு பட்டையில் வெட்டிப் பதிந்து காலையில் வராமல் அடம்பிடிக்கும். முதல் முறை இதைச் செய்ய அரைமணி நேரமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல கிளை கிடைப்பது உண்மையில் அபூர்வம். அதனால்தான் கடினப் பிளாஸ்டிக் கேனிஸ்டர், அதாவது விலங்கால் திறக்கமுடியாத உணவு டப்பா, வந்தது. 11 லிட்டர் கொள்ளளவுள்ளது 1.2 கிலோ அளவுக்கு இருக்கும், ஒருவருக்கு ஐந்தாறு நாள் உணவு பிடிக்கும். பூட்டி, கூடாரத்திலிருந்து தள்ளி, சமதரையில் வைத்துவிட்டு வந்துவிடலாம். விலங்கு உருட்டும், திறக்காது. பாறை விளிம்பிலோ நீரோரத்திலோ வைத்தால் உருண்டே போய்விடும். கயிறு கட்டினால் கவ்வித் தூக்கிக்கொண்டு போக நீங்களே கைப்பிடி செய்துகொடுத்ததாகும். காருக்குள் பூட்டிவைத்தால் போதும் என்று எல்லா இடத்திலும் நினைக்காதீர்கள். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பூங்காவில் இருட்டியபின் காரில் உணவு வைப்பதே விதிமீறல், அங்கே கரடிகள் கதவை வளைத்துத் திறந்திருக்கின்றன.

நிஜமாகவே கடிப்பவை

பெரிய விலங்கு பற்றிய பயத்தில் சின்னவற்றை மறக்கிறோம். இரவில் உங்களுக்குத் தீங்கு செய்ய அதிக வாய்ப்புள்ளவை கொசு, உண்ணி, தேள், பாம்பு, இந்த வரிசையில்தான். அடித்தளம் தைத்துமூடிய, வலைவாசல் உள்ள கூடாரம் இவற்றுக்கு எதிராக மட்டும் உண்மையிலேயே கோட்டை. ஆனால் ஜிப் எப்போதும் மூடியிருந்தால்தான். 'ஒரு நிமிஷத்துல வந்துடறேன்' என்று திறந்துவிட்டுப் போகும் அந்த ஒரு நிமிடத்தில்தான் எல்லாம் உள்ளே வருகின்றன. உண்ணிக்கு, 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்துக் கரைசலை உடுப்பிலும் காலணியிலும் முதல் நாளே தெளித்துக் காயவிடுங்கள், தோலில் படக்கூடாது. தோலில் பூசும் பூச்சிவிரட்டி என்றால் 20 முதல் 30 சதவீத டீட் அல்லது 20 சதவீத பிகாரிடின். டீட் பிளாஸ்டிக்கை இளக்கும், டார்ச்சையும் மூக்குக்கண்ணாடியையும் அந்தக் கையால் தொடாதீர்கள்.

தேள் உள்ள வறண்ட நிலத்தில் சிறிய புற ஊதா டார்ச் ஒன்று வைத்திருப்பது நல்லது. அந்த ஒளி பட்டால் தேள் பச்சை நீலமாக மின்னும். கூடாரத்தைச் சுற்றி ஐந்தடிக்குப் பார்த்துவிட்டால் மனம் அமைதியாகும் (அல்லது எண்ணிக்கையைப் பார்த்து அடியோடு குலைந்துபோகும்). காலணியை வெளியே விடாதீர்கள். உள்ளே கொண்டுவந்து வாயை ஒரு காலுறையால் மூடுங்கள், தேளுக்கு மட்டுமல்ல, நரியும் கழுதைப்புலியும் தோல் காலணியைத் தூக்கிப்போவதில் பேர்போனவை. வியர்வை உப்புக்காக முள்ளம்பன்றி ஊன்றுகோலின் பிடியைக்கூடக் கடித்துத் தின்னும்.

கட்டுவிரியன் உள்ள தெற்காசியப் பகுதிகளில் தரையில் திறந்தவெளியில் படுக்கவே படுக்காதீர்கள். அது இரவில் நடமாடும் பாம்பு. தூங்குகிறவரைக் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, எறும்பு கடித்தது என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள். சில மணி நேரத்தில் இமை தொங்கி, விழுங்க முடியாமல் போய், மூச்சுத்தசை செயலிழக்கும். விளிம்புகளைப் படுக்கைக்கு அடியில் நன்றாகச் செருகிய கொசுவலை இதைத் தடுக்கும். எந்தப் பாம்பு கடித்தாலும் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் கூடாது. மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, உடனே உதவி கேளுங்கள்.

வௌவால், நரி, நாய், எது கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்பும் தண்ணீரும் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநோய்த் தடுப்பூசிக்குப் புறப்படுங்கள். கூடாரத்துக்குள் வௌவாலோடு கண்விழித்தால், காயம் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லவேண்டும். அதன் பல் அவ்வளவு சிறியது.

படுக்கும்முன்

தூக்கக் கலக்கத்தில் கை தானாகப் போய் எடுக்கும்படி எல்லாம் தினமும் ஒரே இடத்தில் இருக்கட்டும். வலக்கைப் பக்கம் ஹெட்லேம்ப், அதனருகே விசில், காலணி, இருந்தால் கார் சாவி. சாவியிலுள்ள அலாரப் பொத்தான் நல்ல சத்தக்கருவி. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஹெட்லேம்பையும் போனையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஜிப்பின் நுனிகளைத் தரைமட்டத்தில் சந்திக்கவிடாமல் சற்று மேலே, எப்போதும் ஒரே மூலையில் நிறுத்துங்கள். கீழே விடும் சிறு இடைவெளியில் தேள் நுழையும், மேலே இருந்தால் இருட்டிலும் கை கண்டுபிடிக்கும்.

யாரோ ஒருவருக்கு உங்கள் இடமும், காலையில் எத்தனை மணிக்குள் தகவல் சொல்வீர்கள் என்பதும், சொல்லாவிட்டால் யாரைக் கூப்பிடவேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். சிக்னல் இல்லாத இடத்தில் செயற்கைக்கோள் தகவல் கருவிதான் இரண்டாவது ஆள்.

கரடி நாட்டில், அனுமதி இருந்தால், கரடி ஸ்ப்ரே, அதாவது மிளகாய்க் காரம் பீச்சும் டப்பா. குறைந்தது 225 கிராம் டப்பா, குறைந்தது 6 விநாடி தொடர்ந்து பீச்சக்கூடியதாக இருக்கவேண்டும், காலாவதித் தேதி பாருங்கள். பாய்ந்துவரும் கரடி சுமார் 10 மீட்டருக்குள் வரும்போது, அதன் முகத்துக்குச் சற்றுக் கீழே, மேகம்போலப் பரவவிடவேண்டும். கொசுமருந்து போலக் கூடாரத்தின்மேல் தெளித்துவைப்பவர்கள் உண்டு. தவறு: காய்ந்தபின் அந்த மிளகாய்நெடி கரடியை வரவழைக்கும். யோசெமிட்டியில் ஸ்ப்ரே தடை, வேறு பல பூங்காக்களில் அதை எடுத்துவரும்படி சொல்கிறார்கள். போகும் இடத்தின் விதியைப் படித்துவிட்டுப் போங்கள்.

பனிக்கரடி நாட்டைப் பற்றி ஒரே வரி: அங்கே முகாமைச் சுற்றி, இடறினால் எச்சரிக்கும் பொறிக்கம்பி கட்டி, முறைவைத்து ஒருவர் விழித்திருப்பார்கள், தனி ஆளால் அது முடியாது, ஆகவே தனியாகப் போகாதீர்கள்.

சத்தம் கேட்டால்

காது தரையோடு தரையாக இருக்கிறது, கண்ணுக்கு வேலையில்லை. காய்ந்த சருகில் ஓடும் எலி, ஆள் நடப்பதுபோலக் கேட்கும். அதனால் சத்தத்தின் அளவை விட்டுவிட்டுத் தாளத்தைக் கேளுங்கள். விருட்டென்று ஓடி, நின்று, மறுபடி ஓடுவது சிறு உயிர். துணியைச் சீராகக் கிழிப்பதுபோல் கேட்டால் ஏதோ ஒன்று புல் மேய்கிறது. உறுமலோடு மண் கிளறும் சத்தம் பன்றி. நள்ளிரவில் யாரோ கழுத்து நெரிபடுவதுபோல் அலறினால் பெரும்பாலும் நரி. சிலவகை மான்கள் நாய்போலவே குரைக்கும். யானை மட்டும் இந்தக் கணக்கில் வராது: மெத்தென்ற பாதம், பக்கத்தில் வந்து கிளை ஒடிக்கும்வரை தெரியாது.

பிறகு செய்யவேண்டியது வந்திருப்பது எந்த வகை என்பதைப் பொறுத்தது. சாப்பாடு தேடியோ ஆவலாலோ முகர்ந்துபார்க்கும் கரடி, நரி, பன்றி, ரக்கூன் போன்றவை என்றால் உள்ளே மனிதன் இருப்பதைத் தெரியப்படுத்துங்கள். அலறவேண்டாம், சாதாரணக் குரலில், தடித்த தொனியில் பேசுங்கள். போகவில்லையென்றால் கைதட்டி, பாத்திரம் இருந்தால் தட்டி, குரலை உயர்த்துங்கள். யானை, நீர்யானை, காட்டெருமை போன்ற பெரிய தாவர உண்ணிகள் என்றால் நேர் எதிர்: அசையாமல், பேசாமல், டார்ச் போடாமல் கிடங்கள். அவற்றுக்கு உங்களிடம் வேலையில்லை, கடந்துபோகின்றன. வெளிச்சமும் சத்தமும்தான் கடந்துபோவதை நிறுத்தித் திரும்பவைக்கும். சிங்கம், சிறுத்தை, கழுதைப்புலி உலவும் இடத்தில் ஜிப்பை மூடி உள்ளேயே இருப்பதுதான் முழுப் பாதுகாப்பும். புழுக்கம் என்று தலையை வாசலுக்கு வெளியே வைத்துப் படுக்கிறவர்களைத்தான் கழுதைப்புலி முகத்தில் கடிக்கிறது.

கரடியோ பெரும்பூனையோ துணியைக் கிழித்து உள்ளே வந்துவிட்டால், செத்ததுபோல் கிடக்கும் அறிவுரையை மறந்துவிடுங்கள். அது பகலில், தாய்க்கரடியைத் திடுக்கிடவைத்துவிட்ட சமயத்துக்கானது. இரவில் கூடாரம் தேடி வந்து தாக்குவது இரைதேடும் தாக்குதல். கத்துங்கள், கையில் கிடைத்ததால் மூக்கிலும் கண்ணிலும் அடியுங்கள், ஸ்ப்ரே இருந்தால் நேராக முகத்தில் பீச்சுங்கள். உங்களுக்கும் எரியும், பரவாயில்லை. கரடி எந்த இனமானாலும் இதே விதிதான்.

நடுராத்திரியில் வெளியே போகவேண்டியிருந்தால்

பெரிய விலங்குள்ள இடத்தில் அகலவாய்ப் பாட்டில் ஒன்றை உள்ளேயே வைத்துக்கொள்வது கௌரவக் குறைச்சல் அல்ல. வெளியே போகத்தான் வேண்டுமென்றால் முதலில் குரல் கொடுங்கள். ஜிப்பின் மேல்பாதியை மட்டும் திறந்து, வெளிச்சத்தை முழுவட்டமாக, மெதுவாகச் சுழற்றுங்கள். கூடாரத்தின் முதுகுப்பக்கத்தை மறக்காதீர்கள். பல விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் உண்டு, அதனால் கண் மின்னும். தரைமட்டத்தில் பனித்துளிபோல் நூறு பொட்டுகள் மின்னினால் அவை சிலந்திகள். பன்றிக்கு அந்தப் படலம் இல்லை. கண் மின்னவில்லை என்பதால் யாரும் இல்லை என்று அர்த்தமில்லை. அரைநிமிடம் காதுகொடுத்துவிட்டு, காலணியை உதறிப் போட்டு, பத்துப் பதினைந்து மீட்டருக்குமேல் போகாமல் திரும்புங்கள். கூடாரத்தை ஒட்டியே சிறுநீர் கழித்தால் அந்த உப்பை நக்க மலையாடும் மானும் வரும்.

காசும் நம்பிக்கையும் வீணாகும் இடங்கள்

நெருப்பு விலங்கை விரட்டும் என்பது பாதி உண்மைகூட இல்லை. பழகிய கரடியும் கழுதைப்புலியும் அதன் ஓரத்துக்கே வரும், நீங்கள் தூங்கியதும் அது அணைந்தும்விடும், விறகோடு தேளும் வந்துசேரும். கூடாரத்தைச் சுற்றிக் கயிறு, உப்பு, பூண்டு, கந்தகம், பாச்சை உருண்டை எதையும் பாம்பு மதிப்பதில்லை. மீயொலிக் கருவிகளும் அப்படியே.

வேலை செய்யும் ஒன்று உண்டு: எடுத்துச்செல்லக்கூடிய மின்வேலி. ஒன்றரை இரண்டு கிலோவில், சிறு பேட்டரியில் ஓடும், சில ஆயிரம் வோல்ட் துடிப்பாகக் கொடுக்கும். உயிரைக் குடிக்காது, மூக்கில் பட்டால் போதுமான அதிர்ச்சி. புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் கசியும், மண் காய்ந்திருந்தால் நிலத்தொடர்பு சரியாகக் கிடைக்காமல் அதிர்ச்சி வராது. புல்லை மிதித்து, தரைக்கம்பியை ஈரமண்ணில் இறக்கி, கூடவே வரும் சோதிப்பானால் பார்த்துவிட்டுப் படுங்கள்.

விடிந்ததும் காலணியைத் தலைகீழாகத் தட்டிவிட்டுப் போடுங்கள். உணவுப்பை இருக்கும் இடத்துக்குப் பேசிக்கொண்டே போங்கள், இரவு வந்தது இன்னும் அங்கேயே நிற்கலாம். கூடாரத்தைக் கழற்றியபின் அடித்தளத்தைத் தூக்கும்போது, ஒரு பக்கம் நின்றுகொண்டு எதிர்ப்பக்க ஓரத்தை உங்களை நோக்கி இழுங்கள். கதகதப்புக்காக அடியில் ஒண்டிய தேளோ பாம்போ இருந்தால் உங்களுக்கும் அதற்கும் நடுவில் துணி இருக்கும், அது எதிர்ப்பக்கமாக ஓடிவிடும். அதன்பிறகு மடியுங்கள்.